காப்பவன் திருவடி

அறம் செய்தவன், பிற்காலத்தில் அதைக் காப்பவனின் திருவடி தன் தலைமேல் இருக்கட்டும் என வேண்டும் வாசகத்தோடு சோழர் காலக் கல்வெட்டுகள் பல முடிகின்றன. இது வெறும் பணிவுமொழி அன்று, செய்தவனைவிடக் காப்பவன் பெரியவன் என்ற தீர்ப்பு.

சோழ மன்னன் கரிகாலன் பெயரால் வழங்கும், காவிரியின் கல்லணையே இத்தீர்ப்புக்கு உரைகல். ஆற்றுமணலில் இட்ட பெருங்கற்கள் தம் எடையால் அமிழ்ந்து இறுக, அவற்றின்மேல் மேலும் கற்களைக் களிமண்ணோடு அடுக்கி எழுப்பிய அடித்தளம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனை வியக்கவைத்தது. ஆயினும் மணற்போக்கிகளும் மதகுகளும் பாலமும் பின்னர்ச் சேர்ந்தவை ஆதலின், இன்று நிற்பது கரிகாலனின் அணைதானா? பலகைதோறும் மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலைக் குறித்துக் கிரேக்கரும் இதையே கேட்டனர். பொருள்கள் கணந்தோறும் தோன்றி அழியும் என்னும் பௌத்தரின் கணபங்கவாதம் 'அன்று' என விடைசொல்லும். இறைவனின் ஐந்தொழிலுள் காத்தலைத் தனித்தொழிலாக எண்ணும் சைவ சித்தாந்தத்தின் வழி நோக்கினால், நிலைபேறே இடையறாத செயலாகிறது.

குடிமராமத்து, அதாவது ஊரார் கூடி வாய்க்காலையும் கரையையும் செப்பனிடும் முறை, அச்செயலின் எளிய வடிவம். நண்டுவளையில் கசியும் ஈரத்தைக் கையால் தடவிப் பார்த்துக் களிமண் அப்புகிறவனுக்குக் கல்வெட்டு ஏதும் இல்லை. பெரிய அணைக்கும் இத்தகைய காத்தல் வேண்டும்: காட்டன் 1836இல் தொடங்கிய முக்கொம்பு மேலணையில், 2018 ஆகஸ்டு 22 இரவு, கொள்ளிடப் பக்கத்து மதகுகள் 9 உடைந்தபோது, தற்காலிக அடைப்புக்குக் கொட்டப்பட்டவை பாறாங்கற்களும் மணல்மூட்டைகளும்.