கைராசியும் கைப்பழக்கமும்

கலந்தாய்வில் பி.டி.எஸ். இடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும் பிள்ளைகள் பலருக்கு உள்ளே ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருக்கும். படித்துவிடலாம், பரீட்சையும் எழுதிவிடலாம். ஆனால் உயிருள்ள ஒரு மனிதரின் வாய்க்குள் ஊசியையும் சுழலும் கருவியையும் கொண்டுபோகத் தைரியம் வருமா? 'பயந்த சுபாவம், இவளுக்கு எதற்கு டாக்டர் படிப்பு' என்று வீட்டில் ஒரு சித்தப்பாவாவது சொல்லியிருப்பார். முதலில் பயத்தை ஒழிக்க வேண்டும், பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும் என்பது பொதுவான எண்ணம். என் கட்சி வேறு. பயம் முழுக்கப் போகும்வரை காத்திருந்தால் யாரும் பல் மருத்துவர் ஆக முடியாது. 'என் கை நடுங்குமோ, ஆசிரியர் என்ன சொல்வாரோ' என்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் கவனம், நாற்காலியில் படுத்திருப்பவர் பக்கமும் அடுத்துச் செய்ய வேண்டிய வேலையின் பக்கமும் திரும்பினால், படபடப்பு ஓரமாக இருக்க, வேலை நடந்துவிடும்.

கொஞ்சம் பயம் நல்லதுதானே, அதுதானே மனிதரை ஜாக்கிரதையாக வைத்திருக்கிறது என்று கேட்கலாம். பாதி உண்மை. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டு பெட்டிகளை வேறுபடுத்திப் பார்க்கச் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குப் போனால் மின் அதிர்ச்சி. வேறுபாடு பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றுக்கொண்டன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ, அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்பது மந்தப்பட்டது. எலிக்குப் பொருந்தியதெல்லாம் மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். உளவியல் நூல்கள் இந்தப் பழைய ஆய்வைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவிட்டன. ஆனாலும் அதில் நமக்கு ஒரு துப்பு இருக்கிறது. ஒரே அளவு பயம் எளிய வேலையைக் கெடுப்பதில்லை, கடினமான வேலையைக் கெடுத்துவிடுகிறது. அப்படியானால் பயத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, வேலையை எளிதாக்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பல் மருத்துவப் படிப்பு ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதலாண்டில் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்யச் சொல்வார்கள். இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாணவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் கடைவாய்ப்பல்லின் மேடும் பள்ளமும் விரலுக்கு மனப்பாடம் ஆவது அங்கேதான். அடுத்து வருவது 'ஃபாண்டம் ஹெட்' என்று எல்லாரும் சொல்லும் பொம்மைத் தலை. 1894-இல் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பவர் உருவாக்கிய கருவி அது. அதற்கு வலிக்காது, எச்சில் ஊறாது, நாக்கு குறுக்கே வராது. அங்கே எத்தனை முறை தப்பாகத் துளைத்தாலும் இன்னொரு பல்லை மாட்டிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டில் நோயாளி முன்னால் நிற்கும்போது நாக்கும் எச்சிலும் மட்டும்தான் புதிதாக இருக்க வேண்டும். பொம்மைத் தலையை ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காக முடித்தவருக்கு அன்று எல்லாமே புதிது. அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் நல்ல பல் டாக்டரைக் 'கைராசிக்காரர்' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளையின் காதில் அது, பிறவியிலேயே வர வேண்டிய ஒன்று தனக்கு வரவில்லை என்று விழும். கைராசி எனப்படுவதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை மிகச் சாதாரணமான சங்கதிகள். கருவியைப் பேனா போலப் பிடித்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லின்மேல் ஊன்றிக்கொள்வது முதல் பாடம். மனிதக் கை எல்லாமே கொஞ்சம் நடுங்கும். அந்தரத்தில் பிடித்த கையில் அது பெரிதாகத் தெரியும், ஊன்றிய கையில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். நோயாளியின் தலை முழங்கை உயரத்தில் இருக்கிறதா, வெளிச்சம் வாய்க்குள் விழுகிறதா, நம் தோள் இறுகாமல் இருக்கிறதா என்பவை அடுத்தவை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் இரண்டு ஃபில்டர் காபியோடு ஓடி வந்துவிட்டு, கை நடுங்குகிறதே என்று மனத்தைக் குறை சொல்வதிலும் அர்த்தமில்லை. பட்டினியும் காபியும் தாமாகவே கையை நடுக்கும்.

நாற்காலியில் படுத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். 1969-இல் நார்மன் கோரா என்ற அமெரிக்கர், பல் சிகிச்சை பற்றிய பயத்தை அளக்க நான்கே கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நாளைக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், வெளியே முறைக்காகக் காத்திருக்கும்போது எப்படி இருக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருக்க டாக்டர் துளைக்கும் கருவியை எடுக்கும்போது, சுத்தம் செய்யும் கருவிகளை எடுத்து வைக்கும்போது எப்படி இருக்கும் என்பவை அவை. நான்கும் சிகிச்சைக்கு முந்தைய நேரத்தைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் நோயாளியின் பயத்தில் பெரும் பங்கு. மாணவரின் பயமும் அதே சரக்குதான். அதனால் இருவருக்கும் ஒரே மருந்து செல்லும். குழந்தைகளுக்கு வைத்தியம் செய்வதற்காக 1959-இல் ஆடல்ஸ்டன் முன்வைத்த முறை ஒன்று உண்டு: முதலில் சொல், பிறகு காட்டு, அதன் பிறகு செய். பெரியவர்களிடமும் இது நன்றாக எடுபடும். 'இப்போது ஈறில் மரத்துப்போகிற ஜெல் தடவுகிறேன், கொஞ்சம் கசக்கும். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுகிறேன்' என்று சொல்லும்போது, சொல்பவர் தன் அடுத்த இரண்டு நிமிடத்தைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். கை தூக்கினால் உண்மையிலேயே நிறுத்த வேண்டும். அது இந்த ஏற்பாட்டின் உயிர்.

'பதறாதே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது அவ்வளவாக உதவாது. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசவும் பாடவும் கணக்குப் போடவும் போகிறவர்களில், 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயத் துடிப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை. துடிப்பு அப்படியே இருக்க, அதை எதற்கான துடிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். பல் பிடுங்குவது பாட்டுப் பாடுவது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மனத்தை மட்டும் நம்பாமல் எழுதி வைத்த வரிசையையும் நம்பச் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும், இறப்பு 1.5-இலிருந்து 0.8 சதவீதமாகவும் குறைந்தன. அங்கே கத்தி பிடித்தவர்கள் அனுபவசாலிகள். அவர்களுக்கே பட்டியல் தேவைப்பட்டது. நம் வேலையிலும் பல் மாறிப்போக வழி உண்டு. பல் மருத்துவத்தில் 36 என்ற எண் இடது கீழ் முதல் கடைவாய்ப்பல்லைக் குறிக்கும். நோயாளியின் இடது, எதிரே நிற்பவரின் வலது. கேஸ் ஷீட், எக்ஸ்ரே, நோயாளியின் விரல் காட்டும் இடம் மூன்றும் ஒன்றுதானா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

இத்தனையும் செய்தும் தவறும். கீழ்த்தாடையை மரத்துப்போகச் செய்யும் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பு எலும்புக்குள் நுழையும் துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆளுக்கு ஆள் அதன் இடம் சற்று மாறும். பழகிய கைகளிலேயே அந்த ஊசி 15 முதல் 20 சதவீதம் வரை சரியாகப் பிடிக்காமல் போவதாகப் பாடநூல்கள் சொல்கின்றன. முதல் ஊசியில் உதடு மரக்கவில்லை என்றால் அது உங்கள் தகுதிக்குத் தீர்ப்பு ஆகாது. காத்திருந்து, சோதித்து, ஆசிரியரைக் கூப்பிட வேண்டிய கட்டம் அது, அவ்வளவே.

இங்கே கனமான ஓர் எதிர்வாதம் வரும். கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்துத் தனி கிளினிக்குக்குப் போக முடியாதவர்கள். மாணவர் பயம் தெளிவதற்கு ஏழையின் வாயா கிடைத்தது? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. 'நான் மாணவர், என் ஆசிரியர் ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார், உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்பதும், வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் இருப்பதும் குறைந்தபட்ச நாணயம். பயத்தை மறைத்துக்கொண்டு, தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்பவர்தான் அந்த ஏழைக்கு ஆபத்து. சந்தேகம் வந்ததும் கையை எடுத்துவிட்டு 'சார், ஒரு நிமிடம்' என்பவரிடம் அவர் பத்திரமாக இருக்கிறார்.

ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவர்கள் வேறு ரகம். அது கோழைத்தனமல்ல, ரத்த அழுத்தம் சட்டென இறங்குவது. கை கால் தசைகளை இறுக்கி அழுத்தத்தை மேலே வைத்துக்கொள்ளும் பயிற்சியை 1980-களில் ஸ்வீடனின் லார்ஸ் யோரான் ஓஸ்ட் வகுத்தார். ஓயாத நடுக்கம் இருப்பவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். வாய் நோய்க்குறியியல், சமூகப் பல் மருத்துவம் என்று நுண்கருவி குறைவாகத் தேவைப்படும் துறைகளும் இருக்கின்றன.

கடைசியாக, ஆசிரியர்களிடமும் கல்லூரிகளிடமும் ஒரு வார்த்தை. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு முதல் ஊற்று, தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் என்று எழுதினார். தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். இத்தனை கேஸ் என்ற கோட்டாவை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதல் கேஸே சிக்கலான கேஸாகப் போனால் அந்த ஊற்று அடைபடும். எளிய ஸ்கேலிங்கில் தொடங்கவிடுங்கள். அதற்கு முன் சீனியருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்கவிடுங்கள். தப்பு செய்தால் திருத்தத்தான் வேண்டும். ஆனால் நோயாளி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும்போது வேண்டாம். மாணவரைப் பத்தடி தள்ளி, வாஷ்பேசின் பக்கம் அழைத்துப்போய்ச் சொல்லலாம்.