ஒரே ஊசி, வெவ்வேறு விளைவு: சினைப்பையின் ஏற்புத்திறனும் மரபணுவும்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வந்த இரு பெண்களை எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் வயது 31. உடல் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஏறத்தாழ ஒன்றையே சொல்கின்றன. இருவருக்கும் நாளொன்றுக்கு 150 யூனிட் ஊசி போடப்படுகிறது. சிகிச்சையின் முடிவில் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு கருமுட்டைகள் எடுக்கப்படுகின்றன; மற்றவரிடமிருந்து மூன்று. இரண்டாமவரின் கோப்பில் 'புவர் ரெஸ்பான்ஸ்' (குறைந்த ஏற்பு) என்று குறிப்பு ஏறுகிறது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது 'உடம்பு ஒத்துழைக்கவில்லை' என்றாகி, சில நாட்களில் அந்தப் பெண்ணின் குறையாகவே பேசப்படுகிறது. அந்த ஒரு குறிப்புக்குள் வெவ்வேறான பல காரணங்கள் மறைந்திருக்கின்றன. அவற்றில் மரபணுவின் பங்கு எது, எவ்வளவு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

முதலில் அந்த ஊசி செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. சினைப்பையில் கருமுட்டையைச் சுற்றியுள்ள சிறு நீர்ப்பையான ஃபாலிக்கிளை வளர்ப்பது இந்த ஹார்மோன். இயல்பான மாதத்தில் பல ஃபாலிக்கிள்கள் வளரத் தொடங்கினாலும், எஃப்.எஸ்.எச். அளவு இடையில் தாழ்ந்துவிடுவதால் பெரும்பாலும் ஒன்று மட்டுமே முழு வளர்ச்சி அடைகிறது. ஊசி அந்தத் தாழ்வைத் தடுக்கிறது. ஹார்மோனின் அளவு உயர்ந்தே நிற்பதால், வாடிப்போயிருக்க வேண்டிய ஃபாலிக்கிள்களும் சேர்ந்து வளர்கின்றன. அவற்றில் முன்னிலையில் உள்ளவை சுமார் 18 மில்லிமீட்டர் அளவை எட்டும்போது முதிர்வூட்டும் ஊசி போடப்பட்டு, சுமார் 36 மணி நேரத்தில் கருமுட்டைகள் எடுக்கப்படுகின்றன. ஆகவே விளைவைத் தீர்மானிப்பவை இரண்டு: வளரக் காத்திருக்கும் ஃபாலிக்கிள்கள் எத்தனை, அவை ஹார்மோனுக்கு எவ்வளவு இசைகின்றன. முன்னது இருப்பு, பின்னது ஏற்புத்திறன். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இனி வருவதற்கெல்லாம் அடிப்படை.

இருப்பை முதன்மையாகக் குறைப்பது வயது. அதை அளக்க ஏ.எம்.எச். என்னும் ரத்தப் பரிசோதனையும், சிறு ஃபாலிக்கிள்களை எண்ணும் ஸ்கேனும் உள்ளன. மரபணுவும் இங்கே குறுக்கிடக்கூடும். எக்ஸ் குரோமோசோமில் எஃப்.எம்.ஆர்.1 என்றொரு மரபணு உண்டு. அதில் சி.ஜி.ஜி. என்னும் மூன்றெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு அது 45 முறைக்குள் அடங்கிவிடும். 55 முதல் 200 முறை வரை நீண்டிருக்கும் பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பையின் செயல்பாடு குன்றிவிடுகிறது. இந்த நீட்சி அடுத்த தலைமுறையில் 200ஐத் தாண்டினால், பிள்ளைக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு வரக்கூடும். அதனால்தான் தாய்க்கோ சகோதரிக்கோ மாதவிடாய் சீக்கிரமே நின்றுவிட்டதா, உறவில் ஆண்பிள்ளைகளுக்கு அறிவுவளர்ச்சிக் குறைபாடு உண்டா என்று மருத்துவர் விசாரிக்கிறார். அந்த விசாரணை சம்பிரதாயம் அன்று. அதற்கு மறைக்காமல் விடை சொல்வது நல்லது.

இருப்பு போதுமானதாக இருந்தும் விளைவு குறைவது எப்படி? இங்கேதான் ஏற்பி வருகிறது. ஃபாலிக்கிளின் உயிரணுக்களில் எஃப்.எஸ்.எச். வந்து பற்றிக்கொள்ளும் புரதம் அது. அதை உருவாக்கும் மரபணு 2ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஏற்பி 695 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியாக உருவாகிறது; ஒரு பகுதி உயிரணுவுக்கு வெளியே ஹார்மோனைப் பற்ற, நடுப்பகுதி உயிரணுச் சவ்வை ஏழுமுறை ஊடுருவ, வால் உள்ளே நின்று செய்தியைக் கடத்துகிறது. அந்த வாலில் 680ஆம் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சிலருக்கு மரபணுவில் அவ்விடத்து மூன்றெழுத்து ஏ.ஏ.டி.; வேறு சிலருக்கு ஏ.ஜி.டி. நடுவெழுத்து ஒன்றுதான் மாறுகிறது. முன்னதால் அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும், பின்னதால் செரினும் அமைகின்றன. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொருவரிடமும் இரு பிரதிகள் இருப்பதால், இரண்டும் அஸ்பராஜின், வகைக்கு ஒன்று, இரண்டும் செரின் என மூன்று வகையினர் உண்டு. மூன்று வகையினரும் எங்கும் பரவலாகக் காணப்படுபவர்கள்தான். இதை நோய் என்பது பிழை.

ஜெர்மனியில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வொன்று, ஐ.வி.எஃப். என்னும் சோதனைக்குழாய்ச் சிகிச்சை பெற்ற 161 பெண்களை இவ்வாறு பகுத்துப் பார்த்தது. இரண்டும் அஸ்பராஜினாக உடையவர்களுக்குச் சராசரியாக 31.8 ஆம்பூல் (மருந்துக்குப்பி) எஃப்.எஸ்.எச். தேவைப்பட்டது, கலப்பு வகையினருக்கு 40.7, இரண்டும் செரினாக உடையவர்களுக்கு 46.8. செரின் வகை ஏற்பி சற்று மெதுவாக இசைகிறது, அதே வேலைக்குக் கூடுதல் ஹார்மோன் கேட்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

அப்படியானால் செரின் வகைப் பெண்கள் சிகிச்சை இல்லாமல் எவ்வாறு கருவுறுகிறார்கள் என்ற வினா எழும். இதற்கான விடையில்தான் பொருளின் ஆழம் இருக்கிறது. சினைப்பை மெதுவாக இசைந்தால் பிட்யூட்டரி அதை உணர்ந்து எஃப்.எஸ்.எச்.சை உயர்த்திக்கொள்கிறது. மேற்சொன்ன ஆய்விலேயே, மாதவிடாயின் தொடக்க நாட்களில் செரின் வகையினரின் எஃப்.எஸ்.எச். அளவு மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. அவர்களின் மாதச்சுழற்சி சற்று நீண்டிருப்பதைப் பின்னர் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தனக்கு வேண்டிய அளவை உடல் தானே கூட்டி, நாளும் சற்று எடுத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிடுகிறது. வேறுபாடு வெளியே தெரிவதில்லை. சிகிச்சையிலோ அளவை நிர்ணயிப்பது நாம். ஈடுசெய்யும் வழி அடைபட்டதும், அதுவரை மறைந்திருந்த வேறுபாடு வெளிப்படுகிறது. 2005இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. நாளுக்கு 150 யூனிட் பெற்ற செரின் வகையினரிடம், வளரும் ஃபாலிக்கிள்கள் சுரக்கும் எஸ்ட்ராடையால் ஹார்மோன் குறைவாகவே உயர்ந்தது. 225 யூனிட் பெற்ற செரின் வகையினரிடம் அந்தக் குறை இல்லை. எனவே இந்த வேறுபாடு திறனைப் பற்றியது ஆகாது, அளவைப் பற்றியது.

இந்தியாவிலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. மும்பை ஆய்வாளர்கள் 2009இல், இதே மரபணுவின் முன்பகுதியில், ஏற்பி எத்தனை உருவாக வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் இடத்தில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றத்தைக் குறைந்த ஏற்போடு தொடர்புபடுத்தினர். ஏற்பியின் இயல்பு மட்டுமன்றி, அதன் எண்ணிக்கையும் கணக்கில் சேர்கிறது. எல்.எச். என்னும் துணை ஹார்மோனின் ஒரு மாற்றுவடிவத்தை உடைய பெண்களுக்கு எஃப்.எஸ்.எச். கூடுதலாகத் தேவைப்பட்டதை இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் கண்டனர்.

இவையெல்லாம் பரவலான, சிறு மாற்றங்கள். ஏற்புத்திறனின் இரு கோடிகளில் அரிய, பெரும் மாற்றங்கள் நிற்கின்றன. பின்லாந்தில் 1995இல் கண்டறியப்பட்ட மாற்றம் ஒன்று ஏற்பியை ஏறத்தாழ முடக்கிவிடுகிறது. இரு பிரதிகளிலும் அதை உடைய பெண்களின் சினைப்பையில் ஃபாலிக்கிள்கள் இருக்கும், ஆனால் எஃப்.எஸ்.எச். எவ்வளவு உயர்ந்தாலும் அவை வளர்ந்து முதிர்வதில்லை. எதிர்க்கோடியை 2003இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. சில குடும்பங்களில் மாறிய ஏற்பி, கர்ப்பகால ஹார்மோனான எச்.சி.ஜி.க்கும் இசைந்துவிடுகிறது. ஊசி எதுவும் இல்லாமலே, கருவுற்ற சில வாரங்களில் சினைப்பைகள் வீங்கி வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது. நாம் பேசும் சாதாரண வேறுபாடு இவ்விரு கோடிகளுக்கும் நடுவே, மிகச் சிறிய இடைவெளியில் அமைவது.

இன்னுமோர் அடுக்கு உண்டு. சிலருக்கு ஃபாலிக்கிள்கள் நன்றாக வளரும், கருமுட்டைகளும் போதிய எண்ணிக்கையில் கிடைக்கும். ஆனால் ஒன்றுகூட முதிர்ந்திருக்காது. ஒவ்வொரு சிகிச்சைச் சுழற்சியிலும் இதுவே திரும்பினால், பிழை கருமுட்டையின் உள்ளேயே இருக்கலாம். குரோமோசோம்களைப் பிரிக்கும் நுண்ணிழைகளுக்குத் தேவையான டி.யு.பி.பி.8 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றங்கள் இவ்வாறு முதிர்ச்சியைத் தடுப்பதை 2016இல் சீன ஆய்வாளர்கள் நிறுவினர். கருவுறுதிறன் குன்றாத தந்தையிடமிருந்தும் இது மகளுக்கு வந்திருக்கலாம். இங்கே ஊசியின் அளவைக் கூட்டிப் பயனில்லை. காரணம் தெரிந்தால், வீண் சுழற்சிகளின் செலவையும் வலியையும் தவிர்க்கலாம்.

இனி நடைமுறை. மருந்தின் அளவை முடிவுசெய்ய மருத்துவர்கள் இன்றும் நம்புவது வயது, ஏ.எம்.எச்., ஸ்கேன் எண்ணிக்கை, முந்தைய சுழற்சியின் அனுபவம் ஆகியவற்றையே. 680ஆம் இடத்தைப் பரிசோதிப்பது வழக்கத்தில் வரவில்லை; அதன் தாக்கம் எல்லா ஆய்வுகளிலும் ஒரே அளவில் வெளிப்படவும் இல்லை. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது வேறு. எத்தனை யூனிட், எத்தனை நாள், எந்த நாளில் எத்தனை ஃபாலிக்கிள், எத்தனை முட்டை, அவற்றில் முதிர்ந்தவை எத்தனை என்ற விவரங்களைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். குறைந்தது இருப்பா, ஏற்புத்திறனா, முட்டையின் முதிர்ச்சியா என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும். அடுத்த சுழற்சியில் மருந்தைக் கூட்டுவதா, மாற்றுவதா, மரபணுவைச் சோதிப்பதா என்ற முடிவு அந்த விடையைப் பொறுத்தது.

'புவர் ரெஸ்பான்ஸ்' என்பது ஒரு குறிப்பிட்ட மருந்து, ஒரு குறிப்பிட்ட அளவில், ஒரு குறிப்பிட்ட சுழற்சியில் தந்த விளைவைச் சொல்லும் குறிப்பு மட்டுமே. அதை ஒரு பெண்ணின் மேல் சுமத்தும் தீர்ப்பாக மாற்ற மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும் அறிவியல் இடம் கொடுக்கவில்லை.