அகவை வரம்பும் அற வரம்பும்

ஓர் இளைஞன் எந்த நாளில் முழு மனிதன் ஆகிறான்? இவ்வினாவிற்கு இயற்கை நாள் குறித்து விடை தருவதில்லை. மீசை அரும்பும் நாளும், அறிவு முதிரும் நாளும், குடும்பப் பொறுப்பைத் தோளில் ஏற்கும் நாளும் ஒன்றல்ல. ஆனால் சட்டம் விடை தந்தே ஆகவேண்டும். ஆதலின் அது ஓர் எண்ணை எழுதி வைக்கிறது. அந்த எண் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை, மது அருந்தும் அகவை என்னும் ஒரு பொருளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நாம் வாழும் கருநாடக மாநிலத்திலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1965ஆம் ஆண்டின் ஆயத்தீர்வைச் சட்டம், 18 அகவை நிரம்பாதவருக்கு உரிமம் பெற்றவர் மது விற்றலாகாது என்கிறது. அச்சட்டத்தின்கீழ் 1967இல் இயற்றப்பட்ட விதிகளோ 21 என்கின்றன. தாய் ஒன்று சொல்லச் சேய் வேறொன்று சொல்லும் இந்நிலை பல்லாண்டுகளாக எவர் உறக்கத்தையும் கெடுக்கவில்லை. 2023 சனவரியில் விதியிலுள்ள 21ஐ 18 ஆக்கும் வரைவு ஒன்றை அரசு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. எதிர்ப்பு எழுந்தது, அம்மாதமே வரைவு கைவிடப்பட்டது. 2022-23ஆம் ஆண்டில் ஆயத்தீர்வையால் மட்டும் 29,000 கோடி ரூபாய் வருமென எதிர்பார்த்த அரசு, அகவையைக் குறைக்க முற்படும்போது, அது இளைஞரின் உரிமையை எண்ணிச் செய்ததா, கருவூலத்தை எண்ணிச் செய்ததா என்று மக்கள் ஐயுறுதல் இயல்பே அன்றோ?

எண்ணும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எல்லையைக் கடந்து தமிழகத்துக்குள் நுழைந்தால் 21, அங்கிருந்து புதுச்சேரிக்குள் நுழைந்தால் 18, கேரளத்தில் 23, தில்லியில் 25. பெங்களூரில் புறப்பட்ட மகன் புதுச்சேரிக் கடற்கரையை அடைவதற்குள் முதிர்ந்துவிடுகிறான். திரும்பி வருகையில் மீண்டும் சிறுவனாகிறான்!

தரையில் இவ்வாறெனில் கடலில் இன்னும் விந்தை. வசதியுள்ள குடும்பங்கள் உல்லாசக் கப்பலில் விடுமுறையைக் கழிப்பது நம்மிடையேயும் பரவி வருகிறது. 2022 சூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே அத்தகைய கப்பலொன்று புறப்படத் தொடங்கியது. அயல்நாடுகளில் வாழும் நம் உறவினர்க்கோ இது பழகிய பயணம். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து செல்லும் கப்பல்களில் பெரும்பாலும் 21 என்பது விதி. ஐரோப்பியத் துறைமுகங்களிலிருந்து செல்வனவற்றில் 18 போதும். சில நிறுவனங்கள் இன்னுமொரு வழியும் கண்டன. 18 நிரம்பி 21 நிரம்பாத மகனோ மகளோ உடன்வரின், பெற்றோர் ஒரு தாளில் கையொப்பமிட்டு இசைவு தந்தால், சில கடல்வழிகளில் அப்பிள்ளைக்கு மது வழங்கப்படும்.

இந்தக் கையொப்பமே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை. சட்டம் தன் பொறுப்பை ஒரு தாளில் எழுதித் தந்தையின் கையில் கொடுத்துவிடுகிறது. அவர் என்ன செய்தல் வேண்டும்?

இசைவு தரலாம் என்போரின் வாதம் எளிதன்று. பதினெட்டில் வாக்களிக்கலாம், 1989 முதல் அரசியற்சட்டம் அவ்வுரிமையை வழங்கியுள்ளது. பதினெட்டில் ஒப்பந்தம் செய்யலாம், வண்டி ஓட்டலாம், படையில் சேர்ந்து நாட்டுக்காக உயிரையும் கொடுக்கலாம். ஆட்சியைத் தேர்ந்தெடுக்கத் தக்கவன் ஒரு கோப்பையைத் தேர்ந்தெடுக்கத் தகாதவனா என்று அவர்கள் வினவுகின்றனர். மேலும், மறைவில் நண்பரோடு அளவின்றிக் குடிப்பதைக் காட்டிலும், பெற்றோர் கண்முன் அளவோடு அருந்திப் பழகுதல் நன்று என்பர். மறைவின் கொடுமையை இந்நகரம் அறியும். 1981 சூலையில் நச்சுச் சாராயம் அருந்திப் பெங்களூரில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தடையும் விலையும் ஏழையை எந்தச் சந்துக்குத் துரத்தும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

முதல் வாதத்துக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. அமெரிக்க நாட்டில் 1971இல் வாக்குரிமை அகவை 18 ஆகக் குறைக்கப்பட்டது. அக்காலத்தில், இதே ஒப்புமையைக் காட்டி ஏறத்தாழ 30 மாநிலங்கள் மது அகவையையும் குறைத்தன. விளைவு சாலைகளில் தெரிந்தது; இளைஞர் ஓட்டிய வண்டிகளின் விபத்துகள் பெருகியதை ஆய்வுகள் எடுத்துக் காட்டின. 1984இல், 21 என்னும் வரம்பை ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி குறைக்கப்படும் என்று சட்டம் வந்தது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒவ்வோர் உரிமைக்கும் அதனதன் முதிர்ச்சி வேறு. தவறான வாக்கை அடுத்த தேர்தலில் திருத்தலாம். குடித்து வண்டி ஓட்டியதால் போன உயிரைத் திருத்த அடுத்த தேர்தல் இல்லை. மூளையின் வளர்ச்சி இருபதுகளின் நடுப்பகுதி வரை தொடர்கிறது என்று மருத்துவ அறிவியல் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாம் வாதம் நெஞ்சைத் தொடுவது. நம் பழந்தமிழர் கள்ளை அறியாதவர் அல்லர். கள் சிறிதாயின் தமக்கே தந்தும், பெரிதாயின் உடனிருந்து பகிர்ந்தும் மகிழ்ந்த அதியமான் மறைந்தபோது, ஔவையார் அதனை நினைந்து கையற்றுப் பாடினார். ஆங்கே போற்றப்படுவது பகிர்தலாகிய பண்பு. அதே தமிழ்தான் திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரமும் வகுத்தது. பிள்ளையின் எக்குற்றத்தையும் பொறுக்கும் தாய்க்கும் அவன் குடிமயக்கம் துன்பமே என்று வள்ளுவர் காட்டினார். வள்ளுவர் அகவை கூறவில்லை என்பதை நோக்குக. அவர் கணக்கில் அறுபதுக்கும் அதே அறந்தான்.

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். கண்முன் பழக்குவோம் என்னும் பெற்றோர், உண்மையில் எதைப் பழக்குகின்றனர்? பிள்ளை கோப்பையை மட்டும் பார்ப்பதில்லை. ஊரில் 21 என்று விதி இருக்க, விடுதிப் பணியாளரிடம் அகவையைக் கூட்டிச் சொல்லும் தந்தையின் நாவையும் பார்க்கிறான். கப்பலில் ஏறியதும் வரம்பு தளர்ந்ததென மகிழும் முகத்தையும் பார்க்கிறான். அவன் கற்பது அளவைப் பற்றிய பாடமன்று. வரம்பு என்பது வசதிக்கேற்ப வளைவது என்னும் பாடம். மகனுக்கு இசைந்து, அதே அகவையுடைய மகளுக்கு மறுக்கும் வீடு இன்னொரு பாடத்தையும் சேர்த்தே கற்பிக்கிறது.

ஆனால் இதனால் கையொப்பமிடாத பெற்றோர் கடமை முடித்தவர் ஆகார். தாம் ஒவ்வொரு மாலையும் மயங்கிக் கிடந்து, பிள்ளைக்கு மட்டும் சட்டத்தைக் காட்டும் தந்தையின் சொல்லுக்கு எடை ஏது? சட்டத்தின் எண் விற்பவன் கையைத் தடுக்கும். வாங்குபவன் மனத்தை அது தடுக்காது. 20 அகவையும் 364 நாளும் ஆனவனைக் கடைக்காரன் திருப்பி அனுப்பலாம். மறுநாள் அவன் மீண்டும் வருவான். அந்த ஒரு நாளில் அவனுக்குள் எதுவும் மாறியிராது, அதற்கு முன் இருபது ஆண்டுகள் வீட்டில் ஏதேனும் விதைக்கப்பட்டிருந்தாலன்றி.

எனவே நாம் துணிவது இது. எண் 18 ஆயினும் 21 ஆயினும், ஓரிடத்து விதியை அவ்விடத்தில் பொய்யின்றி மதித்தல் முதற்கடமை. விதி நம் கையில் தாளைத் தரும்போது, கப்பல் எந்தத் துறையிலிருந்து புறப்பட்டது என்று பாராமல், இப்பிள்ளை மறுக்கவும் கற்றிருக்கிறானா என்று பார்த்தல் இரண்டாம் கடமை. மறுக்க வல்லவனே தேர்ந்தெடுக்க வல்லவன். மறுக்கத் தெரியாதவனுக்கு உரிமை என்று நாம் தருவது மற்றொரு தளையே. அவ்வாற்றலைச் சட்டசபை வழங்க இயலாது. அதனை வழங்க வல்லது, பெற்றோர் தமக்கென இட்டுக்கொண்ட வரம்பைப் பிள்ளைகள் நாள்தோறும் காணும் வீடு ஒன்றே.