ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத பெயர்

இத்தாலியில் பிறந்த ஃபியட் 1100, பம்பாய் குர்லாவில் வளர்ந்து, 1970-களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. தயாரிப்பு நின்று இருபது ஆண்டுகள் தாண்டியும் மதுரை வெயிலில் ஒன்றிரண்டு இன்னும் மினுங்குகின்றன.

பழைய காருக்கு உரிமையாளர் மாறுவார். சேசிஸ் எண் மாறாது. பணம் கொடுத்தவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறும். துருவைச் சுரண்டி, நசுங்கலைத் தட்டியெடுத்து, பட்டி பார்த்து, ஸ்டியரிங்கை ஒட்டிய கியர்த் தண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் பெயர் எங்கும் ஏறாது. வாங்கியவருக்கு அது சொத்து. பிரித்துப் பூட்டியவருக்குப் பழகிய முகம்.

புதுப்பிக்கும்போது எல்லாத் தழும்பையும் மறைத்துவிட வேண்டுமா என்ன? கதவோரம் ஒரு கீறல் இருந்துவிட்டுப் போகட்டும். அது முதல் உரிமையாளரின் கையெழுத்தாகவும் இருக்கலாம்.