கூலி கொடுத்தபின் கடன் தீருமா?

சொகுசுக் கப்பலில் ஏறும் நாளின் நடைமுறை சற்று விந்தையானது. பயணியர் முனையத்தின் வாசலிலேயே நம் பெட்டிகளைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட வேண்டும். பயணியின் பெயரும் அறை எண்ணும் எழுதிய அட்டை கைப்பிடியில் தொங்கும். சுமைதூக்குவோர் அவற்றை வாங்கிச் செல்வர். சோதனை முடிந்து, தளம் தளமாகப் பிரிக்கப்பட்டு, சில மணி நேரம் கழித்துப் பெட்டிகள் அறை வாசலில் வந்து நிற்கும். அதற்குள் பயணி தம் அடையாளச் சான்றைக் காட்டி உள்ளே சென்று, உணவருந்தி முடித்திருப்பார். கடைசி இரவில் இதுவே தலைகீழாக நடக்கும். அறைக்கு வெளியே வைத்த பெட்டி, மறுநாள் கரையில் காத்திருக்கும்.

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தபோது, இத்தகைய பயணம் நம்மவரும் நினைத்துப் பார்க்கக்கூடியதாயிற்று. காளவாசலிலிருந்து ஒரு குடும்பம் அப்படிப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டு வாசலில் ஆட்டோ ஓட்டுநர், மதுரைச் சந்திப்பில் செஞ்சட்டை அணிந்த சுமைதூக்குபவர், சென்னையில் இறங்கியதும் இன்னொருவர், துறைமுகத்தில் மற்றொருவர், கப்பலுக்குள் முகமே தெரியாத ஒரு பணியாளர் என ஒரே பெட்டி ஐந்து பேரின் கைகளைக் கடக்கிறது. அட்டையில் உடையவர் பெயர் உண்டு. சேரவேண்டிய இடம் உண்டு. சுமப்பவர் பெயர் மட்டும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கூலியைக் கொடுத்துவிட்டால், சுமந்தவருக்கும் நமக்கும் உள்ள கணக்கு முடிந்துவிடுகிறதா?

முடிந்தது என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. அது அவர் ஏற்றுக்கொண்ட தொழில்; பேசிய தொகையும் கொடுத்தாயிற்று. பெட்டியே இல்லையென்றால் அவருக்குப் பிழைப்பேது? இரக்கத்தின் பெயரால் ஒருவர் வருமானத்தைக் குறைப்பது அறமாகுமா? இதில் உண்மை உண்டு. உழைப்பவர் கேட்பது நியாயமான கூலியையே. பரிதாபப் பார்வையை அன்று.

ஆனால், கூலி எதற்கு ஈடு? அவர் செலவிட்ட நேரத்திற்கும் திறமைக்கும் ஈடாகலாம். தேய்ந்துபோன முதுகெலும்புக்கு எந்தத் தொகை ஈடாகும்? பணத்தால் திருப்பித் தர முடியாத ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கவும் நமக்கு உரிமையில்லை. ஒருவர் சுமக்கும் எடை அவருடைய உடல்நலத்தைக் குலைக்கலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் உடன்படிக்கை வகுத்தது இதனால்தான். வளர்ந்த ஆணுக்கும் 55 கிலோவே உச்ச எல்லை என்று அதனுடன் வந்த பரிந்துரை கூறியது. 'அவரே சம்மதித்தார்' என்ற சமாதானத்தை அந்த எல்லை ஏற்பதில்லை.

சட்டம் வருமுன்னரே நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். காளவாசல் என்ற பெயரே சூளையை நினைவூட்டுவது. செங்கலையும் சுண்ணாம்பையும் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்தவர்கள் இல்லாமல் சூளை ஏது? அத்தகையோருக்காகப் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. நிறுத்திய இரு கற்களின்மேல், தோளுயரத்தில் கிடத்திய ஒரு கல். வழிச்செல்பவர் பிறர் துணையின்றிச் சுமையை அதில் இறக்கி வைக்கலாம். இளைப்பாறி மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். கல்லை நட்டவருக்கும் சுமந்து வந்தவருக்கும் இடையே கூலி உறவு எதுவுமில்லை. ஆயினும், சுமக்கிறவர் ஒருவர் இவ்வழியே வருவார் என்று ஊர் எண்ணிப் பார்த்தது.

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையில் நாம் காணும் சீமோனும் சுமந்தவரே. வயல்வெளியிலிருந்து வந்தவர் கட்டாயப்படுத்தப்பட்டார். அவரிடம் யாரும் கூலி பேசவில்லை. ஆனால் நற்செய்தியாளர் மாற்கு அவருடைய பெயரையும் ஊரையும் மட்டுமன்றி, அலக்சாந்தர், ரூபு என்னும் பிள்ளைகளின் பெயர்களையும் எழுதிவைத்தார். சுமந்தவருக்கு ஒரு வீடு இருந்தது, அங்கே அவரை எதிர்பார்த்திருப்போர் இருந்தனர் என்பதை நாம் அறிகிறோம்.

நம் காலத்திலும் இத்தகைய முயற்சி இல்லாமலில்லை. ரயில் நிலையங்களில் 'கூலி' என்று அழைக்கப்பட்டவர்கள் இனி 'சகாயக்', அதாவது உதவியாளர், எனப்படுவர் என்று 2016-ஆம் ஆண்டின் ரயில்வே நிதிநிலை அறிக்கை அறிவித்தது. நல்லதே. ஆயினும், அழைக்கும் பெயர் மாறுவதால் பெட்டியின் எடை குறைவதில்லை.

எடையைக் குறைக்க வல்லவர் பெட்டியைக் கட்டுகிறவரே. ஆகவே, நம் கடமை துறைமுக வாசலில் தொடங்குவதன்று. முந்திய இரவு, வீட்டில், திறந்த பெட்டியின் முன்னே தொடங்குகிறது. 'நாமா தூக்கப்போகிறோம்?' என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஒன்றைத் திணிக்கும் கை, இன்னொருவர் தோளின்மேல் அதை வைக்கிறது. ஒரே பெரும்பெட்டியில் அடைப்பதை இரண்டாகப் பிரித்தால் அவர் வருமானம் குறையாது, வலி குறையும். கூலியை முகம் பார்த்துக் கொடுக்கலாம், பெயரைக் கேட்கலாம். கூலி, அவர் செய்த வேலையின் கணக்கைத் தீர்க்கும். அவர் நம்மைப்போன்ற மனிதர் என்பதால் நாம் பட்ட கடன் அதன் பின்னும் நிற்கும்.