தாயக்கட்டையில் பாவம் எங்கே இருக்கிறது?

பரமபதம், தாயம், சூது மூன்றுக்கும் உருள்வது கட்டைதான். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவது புண்ணியம். அதே கட்டையைப் பணத்துக்கு உருட்டினால் பாவம். அப்படியானால் பாவம் ஒட்டியிருப்பது கட்டையிலா, ஆட்டத்திலா, ஆடுபவரிடமா?

தாயக்கட்டை என்பது ஒரு ஜோடி நீளப் பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, பிறகு ஒரு வெறும் முகம். உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒன்றும் வெறுமையும் சேர்வது தாயம். அது 16-இல் 2. தாயம் விழாமல் காய் இறங்காது. எட்டு முறை உருட்டியும் அது விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான வாய்ப்பு உண்டு. இதைத்தான் வீடுகளில் கைராசி என்கிறார்கள். தாயம் என்ற சொல்லுக்குப் பரம்பரை உரிமை என்ற பொருளும் உண்டு. தாயாதி என்பதில் இருப்பது அந்தத் தாயம்தான்.

பரமபதத்தில் ஆளுக்கு ஒரே காய். ஏணி புண்ணியம், பாம்பு பாவம் என்று படம் சொன்னாலும், ஏறுவதும் இறங்குவதும் நடத்தையால் அல்ல, விழும் எண்ணால். அறநூலாகப் பார்த்தால் இது பெரிய ஓட்டை. வைணவர் கண்ணால் பார்த்தால் ஓட்டையில்லை. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியைப் போல உயிர் சும்மா இருந்தாலே போதும் என்பது தென்கலை. குரங்குக்குட்டி போலத் தாயை இறுகப் பற்ற வேண்டும் என்பது வடகலை. பரமபதம் பூனைக்குட்டிக் கட்சி. தாயமோ, எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதைப் பழமாக்குவது என்று ஆடுபவரையே யோசிக்க வைப்பதால், குரங்குக்குட்டிக் கட்சி. இரண்டிலும் பாவத்துக்கு இடமில்லை.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் சூதில் வரும் வெற்றியைக்கூட வேண்டாம் என்கிறது. ஆனால் கல்லாமையைச் சொல்லும் 41ஆம் அதிகாரம், கட்டம் வரையாமல் வட்டாடுவதை உவமையாக்கியே தொடங்குகிறது. கட்டத்தின் மேல் வள்ளுவருக்குக் கோபம் இல்லை.

மகாபாரதம் இன்னும் கூர்மையானது. நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்ற தருமன், 13ஆம் ஆண்டில் கங்கன் என்ற பெயரில் விராட மன்னனுக்குச் சூதுத் துணையாக மறைந்திருந்தான். அந்த விராடபுரம் தாராபுரம்தான் என்பது கொங்கு வழக்கு. மகன் உத்தரன் வென்ற செய்தி கேட்டு மகிழ்ந்த விராடன் ஆட அழைக்கிறான். சூதால் எல்லாம் இழந்த தருமனைப் பார்க்கவில்லையா என்று கங்கனே, அதாவது தருமனே, எச்சரிக்கிறான். சற்று நேரத்தில் அரசன் எறிந்த கட்டை பட்டு அவன் மூக்கில் ரத்தம் வழிகிறது. தருமன் இழந்தவை எல்லாம் பணயமாக வைத்தவை.

பிழை பணயத்தில்தான் என்ற இந்த இடத்துக்குச் சட்டம் வந்து சேர நெடுங்காலம் ஆனது. ரம்மி திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்ன பிறகு, திறமையா, அதிர்ஷ்டமா என்றே வழக்குகள் சுழன்றன. 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடுவதா என்பதை மட்டும் கேட்கிறது. அதுவே சரியான கேள்வி. சீட்டுக்கட்டும் இதனால் தப்பிக்கிறது. ரம்மியைக் காசில்லாமல் ஆடுபவர் சூதாடி அல்ல.

கோவையில் தாயக்கட்டை, பரமபதம் போன்றவற்றை வாங்க டவுன்ஹால் பக்கம் போனால் போதும். பெரிய கடை வீதியில் அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது. பல்லாங்குழி போன்ற மரச் சாமான்களுக்கு அங்கே கேட்கலாம். கட்டைக்குப் பாத்திரக் கடைகள், பரமபதத் தாளுக்குப் பூஜைப் பொருள் கடைகள். தாளை மார்கழியில் தேடுவது எளிது. கட்டையை வாங்கும்போது தரையில் நாலைந்து முறை உருட்டிப் பார்க்க வேண்டும். விளிம்பு கோணலாக இருந்தால் ஒரே முகம் திரும்பத் திரும்ப விழும். ஒரு முகத்தில் புள்ளியே இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு கட்டையிலும் அந்த வெறும் முகம் விழுந்தால்தான் பன்னிரண்டு.