திரைக்கு வெளியே நிற்பவரின் பாட்டு

'குறை ஒன்றும் இல்லை' யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ஓர் ஆழ்வார் பாசுரம் என்று நினைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழுதியவர் ராஜாஜி. 1967-இல் 'கல்கி' இதழில் அது வெளிவந்தபோது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். கடையநல்லூர் வெங்கட்ராமன் மெட்டமைக்க, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடினார். அன்றிலிருந்து அது எம்.எஸ். பாட்டாகிவிட்டது. நிறைந்த மனத்தின் பாட்டு என்றும் பெயர் வாங்கிவிட்டது.

அங்கேதான் சந்தேகம் வருகிறது. மனம் நிறைந்தவர் எதற்காக இத்தனை தடவை குறை இல்லை, குறை இல்லை என்று சொல்ல வேண்டும்?

பாட்டைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டால் விஷயம் பிடிபடும். கண்ணன் கண்ணுக்குத் தெரிவதில்லை, குறையில்லை. அவன் திரைக்குப் பின்னால் நிற்கிறான், வேதம் ஓதும் ஞானிகள்தான் அவனைக் காண முடியும்; குறையில்லை. கலிகாலத்துக்கு இறங்கிவந்து குன்றின்மேல் கல்லாக நிற்கிறான், அப்போதும் குறையில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் குறை வருகிறது, அப்புறம்தான் மறுப்பு. சேலத்தில் வக்கீலாகக் கொடிகட்டிப் பறந்தவர் எழுதிய பாட்டல்லவா? வாபஸ் வாங்கிக்கொண்டே ஒவ்வொரு புகாரையும் பதிவுசெய்துவிடுகிறார்.

மெட்டும் இதற்கு உடந்தை. பாட்டு தொடங்குவது சிவரஞ்சனியில். தமிழ் சினிமாவில் துக்கம் வந்தாலே இசையமைப்பாளர்கள் தேடிப்போகிற ராகம் அது. அதன்பின் காபி, முடிவில் சிந்துபைரவி. சொல் ஒன்று சொல்ல, ராகம் வேறொன்று சொல்கிறது. எம்.எஸ். இந்த இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல் பாடியிருப்பதுதான் அந்தப் பதிவின் பெருமை. அழுது பாடியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும். சிரித்துப் பாடியிருந்தால் பொய்யாகியிருக்கும்.

திருப்பாவையின் 28-ஆம் பாசுரத்தில் ஆண்டாள் கோவிந்தனைக் குறையே இல்லாதவன் என்று அழைக்கிறாள். அங்கே குறையெல்லாம் கேட்பவர்களிடம்தான். மாடு மேய்ப்பவர்கள், அறிவு ஏதும் இல்லாதவர்கள் என்று ஆய்ச்சியர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். அவன் நிறைந்தவன், நாங்கள் குறையுள்ளவர்கள், அதனால்தான் இந்த உறவு என்பது அவர்கள் கட்சி. ராஜாஜியின் பக்தரோ கடவுளுக்கு உரிய அந்த அடைமொழியையே எடுத்துத் தனக்குச் சூட்டிக்கொள்கிறார். சரணாகதியின் பார்வையில் இது சின்ன விஷயம் அல்ல. குறையே இல்லை என்றால் சரணடைய என்ன தேவை இருக்கிறது? கடைசியில் பாட்டு, திருமாலின் மார்பில் வாழும் கருணைத் தாயிடம் போய்ச் சேருகிறது. பிழை செய்தவர்களுக்காகப் பெருமாளிடம் பரிந்து பேசுபவள் தாயார் என்கிறது வைணவம். புருஷகாரம் என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறது. குறை இல்லாதவருக்குச் சிபாரிசு எதற்கு?

அந்தத் திரைக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. 1925-இல், தீண்டாதாராக நடத்தப்பட்ட ஒரு பக்தர் திருப்பதி வட்டாரக் கோயில் ஒன்றுக்குள் நுழைந்ததற்காகக் கைதானார். ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் தொழிலை விட்டிருந்த ராஜாஜி, அவருக்காக மறுபடி நீதிமன்றம் ஏறி வாதாடினார். அந்த வழக்குதான் பாட்டுக்கு விதை என்று சொல்பவர்கள் உண்டு. நாற்பதாண்டு இடைவெளியைப் பார்த்தால் அப்படி அறுதியிட்டுச் சொல்லத் துணிய முடியாது. ஆனால் பாட்டில் 'எனக்கு' என்று பேசுகிறவரை அந்த வாசலில் நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொரு வரியும் வேறு கனத்தில் ஒலிக்கிறது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் திருப்புன்கூரில் நந்தி மறைக்கிறது என்று முறையிட்டான், நந்தி விலகியது. இவர் திரையை விலக்கச் சொல்லவே இல்லை.

அந்த மௌனம் நியாயமா என்று கேட்க இடம் இருக்கிறது. வெளியே நிற்பவர் தானாகவே 'எனக்குக் குறையில்லை' என்றால், அதில் தன்மானம் உண்டு: நீ மறைந்து நின்றால் அது உன் பாடு, என் அன்பு அதனால் குறையாது என்கிற நெஞ்சுரம். அதையே கருவறைக்கு அருகில் நிற்பவர் வெளியே நிற்பவருக்கு உபதேசமாகச் சொன்னால், அது கொடுமை. எழுதியவர் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர், திரை யாருக்கு விலகுமோ அவர்களில் ஒருவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் அவர் உபதேசத்தோடு நிற்கவில்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சாதியினரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. அவர்கள்மீது வழக்கு பாயாமல் தடுக்கச் சட்டம் கொண்டுவந்ததும் அவருடைய அரசுதான்.

அடுத்த முறை மார்கழிக் கச்சேரியிலோ கல்யாண வீட்டிலோ இந்தப் பாட்டு ஒலித்தால், பல்லவிக்குத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பல்லவிக்குத் திரும்புமுன் வருகிற ஒவ்வொரு வரியையும் கவனித்துக் கேளுங்கள்.